ஊடும் உரிமை

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பது பங்காரு வாய்க்கால். சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து வரும் இந்த வாய்க்காலைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். சிங்காரி, பங்காரி என்று அக்கா தங்கை இருவர், தாசிகள். தாங்கள் சேர்த்த பொருளையெல்லாம் கொடுத்து ஏரிக்கு நீர்வரத்து உண்டாக்கினார்களாம். வடக்கே முத்திரையர்பாளையத்துக் குளத்துக்கும் இதே சாயலில் ஒரு கதை உண்டு. விளக்கு ஏற்றியிருந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். ஆயி தவணை கேட்டு வாங்கி, தன் வீட்டைத் தானே இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாள். பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அங்கிருந்து புதுச்சேரி நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபம் அவள் பெயரால் ஆயி மண்டபம்.

தாலி கட்டிக்கொள்ளாமல் வாழ்ந்த மூன்று பெண்கள் தண்ணீராக நினைக்கப்படுகிறார்கள். எனக்கு இந்தக் கதைகள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர்களிடம் வந்துபோனவர்களில் அவர்கள் விரும்பியது யாரை, யார் சொல்லிக்கொள்ளாமல் போனது வலித்தது, வீட்டை இடிக்கச் சொன்ன அன்று ஆயி யாரிடம் என்ன சொல்லி அழுதாள் என்பது பற்றிக் கதையில் ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் கொடுத்தது ஊருக்கு நினைவிருக்கிறது. அவர்கள் கோபப்பட்டிருந்தால் அது யாருக்கும் நினைவில்லை.

அந்தக் கோபத்துக்கு எங்கே இடம் என்ற கேள்வியோடுதான் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களுக்குள் நுழைய வேண்டும் என்று நினைக்கிறேன். அவற்றை ‘கட்டுப்பாடில்லாத உறவுகளின் கதை’ என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுகிறவர்கள் நம்மிடம் அதிகம். பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், கைபேசி எல்லா ஊருக்கும் வந்துவிட்டது.

1991 ஜனவரி 7 முதல் மார்ச் 18 வரை ஃபூஜி தொலைக்காட்சியில் திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு ‘டோக்கியோ லவ் ஸ்டோரி’ ஒளிபரப்பானது. மொத்தம் 11 பகுதி. சைமோன் ஃபுமி வரைந்த சித்திரக்கதையைத் திரைக்கு எழுதியவர் சகமோத்தோ யூஜி. அப்போது அவருக்கு வயது 23. (அவரேதான் 2023இல் ‘மான்ஸ்டர்’ படத்துக்காகக் கான் விழாவில் சிறந்த திரைக்கதை விருது பெற்றவர்.) கடைசிப் பகுதியை 32.3 விழுக்காட்டு வீடுகள் பார்த்தன. திங்கள் இரவானால் வேலைக்குப் போகும் பெண்கள் தெருவில் தென்படுவதில்லை என்று டோக்கியோவில் பேசிக்கொண்டார்கள்.

கதை எளியது. ஏஹிமே என்ற தொலைவான மாவட்டத்திலிருந்து தலைநகருக்கு வேலைக்கு வரும் கான்ஜி. விளையாட்டுப் பொருள் விற்கும் அதே நிறுவனத்தில் வேலை பார்க்கும் ரிக்கா; வெளிநாட்டில் வளர்ந்தவள். கான்ஜியின் மனத்தில் பள்ளித் தோழி சதோமி. ரிக்கா வாய்விட்டு அவனை உடலுறவுக்கு அழைக்கும் காட்சி அன்றைய ஜப்பானை உலுக்கியது. வேலையில் ஆண் பெண் சமவாய்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்பது ஆண், தலைகுனிவது பெண் என்ற வரிசையை ஒரு பெண் மாற்றிப்போட்டாள். முப்பது ஆண்டு கழித்தும் அந்த ஒரு காட்சியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

என் பார்வையில் அந்தத் தொடரின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. அழைக்கும் துணிவு அவளுக்கு இருந்தது. மறுநாள் காலையில் “நேற்று ஏன் வரவில்லை?” என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடம் அவளுக்குக் கடைசிவரை உறுதியாகவே இல்லை. வலிக்கும் இடத்திலெல்லாம் ரிக்கா சிரிக்கிறாள். தன் காதலனின் மனம் சதோமி பக்கம் சாய்வதைக் கண்டும் சிரிக்கிறாள். முடிவில் ஏஹிமேயில், அவன் வந்து சேர்வதற்கு முந்தைய ரயிலிலேயே ஏறிப் போய்விடுகிறாள். பைஷின்ஜி ரயில் நிலையத்தின் வேலியில் அவள் கட்டிவிட்டுப் போன கைக்குட்டை மட்டும் கடற்காற்றில் ஆடுகிறது. அதில் விடைபெறும் ஓரிரு சொல். இன்றும் அந்தச் சின்ன நிலையத்துக்குப் போகிறவர்கள் வேலியில் கைக்குட்டை கட்டிவிட்டு வருகிறார்கள்.

ரிக்காவிடம் இல்லாமல் போனதற்கு நம் மொழியில் துல்லியமான சொல் இருக்கிறது: ஊடல்.

ஏரியும் வாய்க்காலும் நெல்வயலுமாக இருக்கும் பாகூரும் வில்லியனூரும் தொல்காப்பியக் கணக்கில் மருதம். அந்த நிலத்துக்கு உரிய பொருள் ஊடல். ஊடலைக் கோபம் என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதிதான் சொன்னதாகும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவன் என்னவென்று கேட்பான் என்ற நம்பிக்கை இருக்கிறவள்தான் ஊட முடியும். கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஊடல் கிடையாது, வெறும் அழுகைதான். அதனால்தான் மருதப் பாடல்களில் ‘வாயில்கள்’ என்று ஒரு கூட்டமே நடமாடுகிறது. தோழி, பாணன், விறலி என்று யாராவது ஒருவர் இருவருக்கும் நடுவே போய்வந்து பேசுகிறார்கள். எல்லை மீறிப்போன ஊடலுக்குத் துனி என்று தனிப்பெயர். திருக்குறள் இந்த விஷயத்தை எவ்வளவு பெரிதாக எண்ணியது என்பதற்கு அதன் கடைசி மூன்று அதிகாரங்களே சாட்சி: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. 1330 குறளும் ஊடலின் இன்பத்தில் வந்து நிற்கின்றன.

இன்று ‘சும்மா பழகுறோம்’ என்று சொல்லப்படும் உறவில், வாக்கு எதுவும் கொடுக்காத உறவில், எழுதாத விதி ஒன்று உண்டு: ஊடக் கூடாது. ஏன் வரவில்லை என்று கேட்டால் விதியை மீறியதாகிவிடும். உடல் நெருங்கலாம், மனம் கணக்குக் கேட்கக் கூடாது. ஜப்பானியத் தொடர்கள் முப்பது ஆண்டுகளாக இந்த விதியைத்தான் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றன.

அந்த நாட்டுக்கும் இது பழைய சங்கதி. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோசு என்ற தொகை நூலில் 20 தொகுதிகளில் ஏறத்தாழ 4500 பாடல்கள். அவற்றில் பெரும்பகுதி காதல் பாட்டு. அந்தக் காலத்துத் திருமணமே வந்துபோகும் திருமணம். பெண் தன் தாய்வீட்டில் இருப்பாள், ஆண் இரவில் வந்து விடியுமுன் போய்விடுவான். நம் அகப்பாடல்களின் இரவுக்குறியை நினைத்துக்கொள்ளலாம். இந்த ஒப்புமையைத் தமிழில் பாடுபட்டு விளக்கியவர் யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் மனோன்மணி சண்முகதாஸ். கணவர் பேராசிரியர் அ. சண்முகதாஸுடன் சேர்ந்து, டோக்கியோவின் சுசுமு ஓனோவின் ஆய்வில் நெடுங்காலம் பங்கெடுத்த அவர், மன்யோசுக் காதல் பாடல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்ற ஓனோவின் கோட்பாட்டை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. அது போகட்டும். காத்திருக்கும் பெண்ணின் குரலை இரு மொழிகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய அந்த உழைப்பு வீண் போகாது.

அடுத்து வந்த ஹெயன் காலத்து ஜப்பானிய அரசவையில் இன்னும் ஒரு வழக்கம் இருந்தது. இரவு வந்துபோன ஆண் மறுநாள் காலையில் அவளுக்கு ஒரு பாட்டு எழுதி அனுப்பியாக வேண்டும். பாட்டு வர நேரமானால் அவமானம். மூன்று இரவு விடாமல் வந்தால், மூன்றாம் இரவு இருவரும் அரிசிப் பணியாரம் சாப்பிட்டால், அது திருமணம். உறவு எவ்வளவு தளர்வாக இருந்தாலும் காலைப் பாட்டு கட்டாயம் என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். வரவில்லையே என்று கேட்கும் உரிமையை அந்தச் சமூகம் பெண்ணுக்கு ஒரு முறையாகவே வைத்துக் கொடுத்திருந்தது. காலையில் மெசேஜ் வரவில்லை என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்த முறை இன்று இல்லை.

பின்னால் வந்த தொடர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014இல் ‘ஹிருகாவோ’, கணவன் வேலைக்குப் போன பகல் பொழுதில் வேறு உறவு தேடும் மனைவிகளின் கதை. 2016இல் டிபிஎஸ் ஒளிபரப்பிய ‘நிகேஹாஜி’யில் வீட்டுவேலைக்குச் சம்பளம் பேசி ஒப்பந்தக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், ஒப்பந்தத்துக்குள் காதல் வந்துவிடுகிறது. 2024இல் அமேசான் பிரைமில் வந்த ‘1122’இல் மனைவி சம்மதத்தோடு கணவனுக்கு வெளியே ஒரு காதலி. சம்மதம் கொடுத்த பிறகும் வலிக்கிறதே, அதை எந்த உரிமையில் சொல்வது என்பதுதான் அந்த மனைவியின் சிக்கல்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வைப்பது 2022இல் என்எச்கே ஒளிபரப்பிய ‘கொய்செனு ஃபுத்தாரி’. ‘காதல் கொள்ளாத இருவர்’ என்று பொருள். எட்டே பகுதி. காதலும் உடல் ஆசையும் தங்களுக்கு எழுவதில்லை என்று உணர்ந்த ஒரு பெண்ணும், சூப்பர் மார்க்கெட்டின் காய்கறிப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் ஆணும் ஒரே வீட்டில் வாழத் தொடங்குகிறார்கள். தங்கள் உறவுக்கு அவர்கள் வைக்கும் பெயர் ‘குடும்பம் – தற்காலிகம்’. எதற்கும் உட்கார்ந்து பேசுகிறார்கள். எது வலிக்கும், எது வலிக்காது, தொட்டால் பரவாயில்லையா, ஊரிலிருந்து அம்மா வந்தால் என்ன சொல்வது என்று சாப்பாட்டு மேசையில் பேசியே தீர்த்துக்கொள்கிறார்கள். எழுதிய யோஷிதா எரிகாவுக்கு முகோதா குனிகோ விருது கிடைத்தது. உடல் நெருக்கம் இம்மியும் இல்லாத அந்த வீட்டில் ஊடல் நிறைந்திருக்கிறது. நெருக்கம் எதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடையை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை.

ஜப்பானிய அரசின் 2021 கணக்கெடுப்பில், 18 முதல் 34 வயது வரையுள்ள மணமாகாத ஆண்களில் 72.2 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 64.2 விழுக்காட்டினருக்கும் காதல் துணை இல்லை. இந்தத் தொடர்கள் அங்கே இவ்வளவு ஊன்றிப் பார்க்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். தனிமையில் இருக்கிறவர்களுக்கு இவை ஆசைக் கனவாக மட்டும் இல்லை, பேசிப் பழகும் இடமாகவும் இருக்கின்றன.

இப்போது நம் புதுச்சேரிக் கொம்யூன்களுக்கு, அதாவது உள்ளாட்சிகளுக்கு, வருவோம். வில்லியனூரும் பாகூரும் கொம்யூன் ஆனது 1880 மார்ச் 12 பிரெஞ்சு ஆணையால். பிரெஞ்சிந்தியாவின் முதல் பத்துக் கொம்யூன்களில் இவை இரண்டு. ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 24 அன்று, பிறப்பையும் இறப்பையும் திருமணத்தையும் மேரியில், அதாவது கொம்யூன் அலுவலகத்தில், பதிந்துகொள்ளும் முறைக்கு ஆணை வந்தது. தமிழகத்தின் பல ஊர்களில் நினைத்தும் பார்க்காத காலத்தில் இங்கே கல்யாணம் தாளில் ஏறியது. தாளில் ஏறாத உறவு எது என்பதும் அன்றே தெளிவாகிவிட்டது.

தாளில் ஏறாததற்கு ஊர் வைத்திருக்கும் சொற்களைக் கேட்டுப் பாருங்கள். தொடுப்பு. வைப்பு. ‘அவளை வச்சிருக்கான்.’ ‘அவனைச் சேத்துக்கிட்டா.’ ‘இழுத்துக்கிட்டு ஓடிட்டான்.’ எல்லாம் பொருளைக் கையாளும் வினைகள்: வைப்பது, சேர்ப்பது, இழுப்பது. உள்ளே இருக்கும் இருவர் என்ன உணர்கிறார்கள் என்று சொல்ல இவற்றில் ஒன்றுகூட உதவாது. ஒரே ஒரு சொல் விலகி நிற்கிறது. ‘அந்தப் பையன் அந்தப் பொண்ணோட பேசிக்கிட்டிருக்கான்’ என்பார்கள். எந்த உறவு என்று பெயர் சொல்ல முடியாத உறவுக்கு ஊர்ப் பேச்சு ‘பேசுவது’ என்று பெயர் வைத்திருக்கிறது. இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்த எட்டுப் பகுதித் தொடரின் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வருகிறது.

கிருமாம்பாக்கத்துக்கும் சேதராப்பட்டுக்கும் தொழிற்பேட்டை வந்த பிறகு, கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளுக்குப் பேசிக்கொள்ள வழி கிடைத்தது. முந்தைய தலைமுறைப் பெண்ணுக்கு வயலும் வீடும்தான். ஆனால் டோக்கியோவில் பெயர் வைக்காத உறவு கொடுக்கிற சுதந்திரம் இங்கே இல்லை. இங்கே பெயர் வைக்காமல் இருப்பது பெரும்பாலும் பாதுகாப்புக்காக. பாகூரைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அந்த மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8 அன்று, சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட முருகேசனும் கண்ணகியும் விஷம் புகட்டிக் கொல்லப்பட்டார்கள். கடலூரில் பதிவுத் திருமணம் செய்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 13 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் அறிவிக்க 2021 செப்டம்பர் ஆனது. உறவுக்குப் பெயர் வைத்துத் தாளில் ஏற்றியவர்களுக்கு நேர்ந்தது இது. ‘சும்மா பழகுறோம்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அதன் பின்னால் அலட்சியம் இருக்கலாம், அச்சமும் இருக்கலாம். எதுவென்று கேட்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

சட்டமும் இந்த உறவுகளோடு தட்டுத்தடுமாறித்தான் வந்திருக்கிறது. திருமணத்துக்கு முந்தைய உடலுறவு பற்றி 2005இல் நடிகை குஷ்பு ஒரு பேட்டியில் சொன்ன கருத்துக்கு 23 வழக்குகள் போடப்பட்டன; ஒன்றைத் தவிர எல்லாம் தமிழ்நாட்டில். 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அவை அனைத்தையும் தள்ளியது. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்கில், திருமணத்தை ஒத்த உறவு எது என்று அதே நீதிமன்றம் வரையறுத்தது. கணவன் மனைவிபோல ஊரறிய வாழ்ந்திருக்க வேண்டும். கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதிகளைச் சேர்ந்து கழித்ததும் ஓர் இரவு உறவும் கணக்கில் சேராது. செலவுக்குக் கொடுத்து முக்கியமாக உடல் தேவைக்கு வைத்துக்கொண்ட பெண்ணைக் குறிக்க, ‘வைப்பு’ என்ற நம் ஊர்ச் சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல்லைத் தீர்ப்பு பயன்படுத்தியது. அந்தச் சொல்லுக்கு அன்றைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் எதிர்த்தது சரி.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்து உறவு கொள்வதைப் பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. தொல்காப்பியம் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: களவில் கூடியவர்கள் பொய் சொல்லவும் வழுவவும் தொடங்கிய பிறகே பெரியவர்கள் திருமணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்று. ஏமாந்தவளுக்குச் சட்டம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் காவல் நிலையத்து மனுவில் ஒரு பெண் எழுத முடிவது ஏமாற்றத்தை மட்டும்தான். அவன் வாக்கே கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை, இருந்தும் அவன் போனது வலிக்கிறது என்பதை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

அந்த வலிக்கு இடம் கொடுத்தவை அகப்பாடல்கள். குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர் காட்டும் பெண்ணுக்குச் சாட்சி யாரும் இல்லை. அவன் இருந்தான், மீனுக்குக் காத்து நின்ற ஒரு நீர்ப்பறவை இருந்தது, அவ்வளவுதான். அவன் பொய்த்தால் என்ன செய்வேன் என்று அவள் கேட்கிறாள். அவள் களவில் இருக்கிறவள், நாளைக்கு மனைவி ஆகக்கூடியவள். அதே நூலின் 8ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் இன்னொருத்தியைப் பேசவைக்கிறார். அவள் பரத்தை. எங்கள் வீட்டில் பெரும்பேச்சுப் பேசிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய் மனைவி முன்னால் கண்ணாடிப் பிம்பம்போல ஆடுகிறானே என்று அவனைப் பற்றிச் சொல்கிறாள். பாட்டில் வயலோரத்து மாமரம், குளத்தில் விழும் பழம், அதைக் கவ்வும் வாளை மீன். பாகூர் ஏரிக்கரையில் நின்று பாடியதுபோல இருக்கும். தாலியும் இல்லை, வாக்கும் இல்லை. ஆனால் கோபம் அவளுடையது, சொல்லும் அவளுடையது. ஆயிக்கும் பங்காரிக்கும் ஊர்க்கதை கொடுக்காததை, ரிக்கா சிரித்து மறைத்ததை, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு மருதப் பாட்டு ஒரு பரத்தைக்குக் கொடுத்திருக்கிறது.

வகுப்பில் ஐந்திணை நடத்தும்போது மருதத்தை ஒரு வரியில் கடந்துபோகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தலைவன் பரத்தையிடம் போனான், தலைவி ஊடினாள் என்று சொல்லிவிட்டு நெய்தலுக்குப் போய்விடுகிறோம். வில்லியனூரிலும் பாகூரிலும் தமிழ் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்த எட்டாம் பாட்டைத் தள்ளிவிடாதீர்கள். அதில் பேசுகிறவள் பரத்தை என்று பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவள் ஏன் கோபப்பட்டாள் என்று அவர்களிடமே கேளுங்கள். ஆண் பிள்ளைகளிடமும் கேளுங்கள்.